எண்ணூர் கழிமுகத்தில் ஆளி வளர்க்க மானியம்: விண்ணப்பிக்கும் முன்

2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மட்டி, ஆளி (இரண்டும் ஓடுள்ள சிப்பி இனங்கள்) வளர்ப்புக்கும் இடமுண்டு. ஓர் அலகுக்கான செலவை 20,000 ரூபாய் என மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியம் தருகிறார்கள். கயிறு, மூங்கில், ஆள்கூலி எல்லாம் சேர்ந்து செலவு 30,000 ஆனாலும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது 12,000தான், மிச்சமெல்லாம் கைக்காசு.

முதல் சிக்கல், நீங்கள் மீனவர் என்பதை நிறுவுவது. வாயில் பறி என்னும் கூடையைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறாலும் மட்டியும் எடுக்கும் பெண்களிடம் "படகு எண் என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். மீனவர் நலவாரியத்துக்கு அடிப்படையான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே சார்புத் தொழில் செய்வோரும் இருக்கிறார்கள். ஆகவே கணவரின் நலவாரிய அட்டையில் ஒட்டிக்கொள்ளாமல், உங்கள் பெயரில் தனி அட்டை கேட்டு, மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மறுத்தால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இருளர் பெண்களிடம் சாதிச் சான்று கேட்டு, வட்டாட்சியர் கோட்டாட்சியரைக் காட்ட, அவர் கள விசாரணை அறிக்கைக்காகத் திரும்ப வட்டத்துக்கே அனுப்ப, மாதங்கள் கழிகின்றன. பெண் என்ற தகுதியே 60 விழுக்காட்டுக்குப் போதும் என்பதைக் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. சான்றுக்காக இந்த மனுவை நிறுத்திவைக்காதீர்கள்.

கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர். தென்கரை முகத்துவாரக்குப்பத்தில் குடியிருந்து எதிர்க்கரையோரம் ஆளி வளர்க்கக் கயிறு கட்ட நினைத்தால், இங்கிருந்து திருவள்ளூர் மாவட்டப் பொன்னேரிக்கும் அங்கிருந்து இங்கேயும் அலைய நேரலாம். எந்த மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்பதையும், இந்த ஆண்டு ஆளி வளர்ப்புக்கு அந்த மாவட்டத்துக்கு இலக்கு ஒதுக்கியிருக்கிறார்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். இலக்கு இல்லையென்றால் எவ்வளவு நல்ல மனுவும் கோப்பில்தான் கிடக்கும். கயிறு கட்டுமிடம் யாருடைய 'பாடு' (ஊரார் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்ட மீன்பிடி இடம்) எல்லைக்குள் வருகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடியுங்கள், அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஒப்புதல் ஆணை கைக்கு வரும் முன் ஒரு மூங்கில்கூட வாங்காதீர்கள். முன்பே செய்த செலவைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மானியமும் பெரும்பாலும் ஆய்வு முடிந்த பிறகே வருவதால், கடன் வாங்குவோர் வட்டியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆணை புரட்டாசியில் வந்தாலும் அவசரப்பட்டு விதை ஆளியை (வளர்க்க விடும் ஆளிக் குஞ்சுகளை) இறக்காதீர்கள். பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாறு வழியாக இங்கேதான் கடலில் சேர்கிறது. உப்பு திடீரெனக் குறைந்தால் பச்சை ஆளி செத்துவிடும். பொங்கலுக்குப் பிறகு இறக்குவது மேல். ஆளி நீரை வடிகட்டித் தின்னும் உயிர் என்பதால், அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் அதன் சதையில்தான் தங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்த ஆற்றுக்கே மானியம் தருகிறார்கள், ஆனால் அந்த ஆற்று நீர் தகுந்ததா என்று கேட்டு யாரும் வரப்போவதில்லை. நீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டுமென்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்.