ரிலே செட்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆனி ஆடிக் காற்று எடுத்துவிட்டால் வள்ளியூர், பணகுடி பக்கம் பனை மட்டை பறந்து வந்து கம்பியில் விழும். "லைன் ட்ரிப் ஆயிருச்சு, ரிலே ஆபரேட் ஆயிருக்கு" என்று போன் வந்துகொண்டே இருக்கும். மின்பாதையில் பழுது வந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ரிலே, அதனால் லைன் துண்டிக்கப்படுவது ட்ரிப். அப்படி ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த டீக்கடை அண்ணாச்சி, "ஏ தம்பி, ரிலேன்னா ரிலே ரேஸ்ல வருமே, அதானா இது? நீங்கள்லாம் தமிழ்ல என்னன்னு சொல்லுதிய?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

அதே சொல்தான். பழைய பிரெஞ்சில் வேட்டைக்காரர்கள் வழியில் புது நாய்களை நிறுத்திவைத்து, ஓடிக் களைத்த நாய்களுக்குப் பதிலாக அவிழ்த்துவிடுவதற்கு இந்தப் பெயர். பிறகு குதிரைகளுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வந்தபோது, நெடுந்தூரம் போய் நலிந்த மின்சாரம் ஒரு மின்காந்தத்தை மட்டும் அசைக்க, அது புது பேட்டரி ஒன்றை இணைத்துச் செய்தியை மேலே அனுப்பியது. அந்தக் கருவிக்கும் ரிலே என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: அஞ்சல். செங்கோட்டை திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தில் அங்கே தபாலுக்குப் பெயர் அஞ்சல்தான், மணி கட்டிய கோலோடு ஓடுகிறவர் அஞ்சலோட்டக்காரர். அஞ்சல் ஓட்டம் என்று இன்றும் சொல்கிறோம்.

ஆனால் மின்பாதையைக் காக்கும் ரிலேவுக்கு அஞ்சல் போதாது என்பது என் கருத்து. அது வந்ததை அப்படியே கைமாற்றுவதில்லை, அளந்து பார்த்து முடிவெடுக்கிறது. அதனால் கலைச்சொல்லாக வழங்கும் 'உணர்த்தி' எனக்குப் பிடித்திருக்கிறது. உணர்வது உணரி, பிறரை உணரச் செய்வது உணர்த்தி. தன்வினை, பிறவினை வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. கம்பியில் ஓடும் கரண்டைச் சிறிதாக்கிக் காட்டுவது சிடி என்கிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், பார்த்துச் சொல்வது ரிலே, கடைசியில் லைனைத் துண்டிப்பது பிரேக்கர். ரிலேதான் கரண்டைக் கட் பண்ணுகிறது என்று பலர் நினைப்பது தவறு.

சரி, செட்டிங்? எந்த அளவைத் தாண்டினால் ரிலே பேச வேண்டும் என்று நாம் வைப்பது அது. 'அமைப்பு' என்று எழுதுகிறார்கள், அது எதற்கும் பொருந்தும் சொல், இங்கே ஒன்றும் விளங்காது. நான் 'வரம்பு' என்பேன். வயல் வரப்புக்கும் அதுதான் பெயர். வரப்பைத் தாழ்த்திக் கட்டினால் சின்ன மழைக்கே தண்ணீர் வழிந்துவிடும், உயர்த்திவிட்டால் பயிர் மூழ்கும். செட்டிங்கும் அப்படித்தான்: குறைத்து வைத்தால் சாதாரண லோடுக்கே லைன் போகும், கூட்டி வைத்தால் ஜெனரேட்டரின் கம்பிச் சுருள் எரியும்.

வரம்பில் அளவும் உண்டு, நேரமும் உண்டு. அளவுக்கு மீறிய கரண்டைப் பிடிக்கும் ஓவர் கரண்ட் ரிலேவில் 400 ஆம்பியர் வரம்பு வைத்து, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்ணான நேரப் பெருக்கியை 0.1 என்று வைத்தால், எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும், பொதுவாகப் பயன்படும் வளைவில் 800 ஆம்பியருக்கு ஏறத்தாழ 1 நொடி பொறுக்கும், 4000 ஆம்பியர் என்றால் 0.3 நொடியில் சொல்லிவிடும். பழுது பெரிதானால் பொறுமை குறையும். தாமிரபரணிக் கால்வாயில் தலைமடை, கடைமடை என்று சொல்வோமே, அதுபோல் கடைமடை ரிலே முதலில் பேச வேண்டும், தலைமடை ரிலே அதைவிட 0.3, 0.4 நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இதை மாற்றி வைத்தால் ஒரு தெருவின் பழுதுக்கு ஊரே இருட்டாகும்.

நெடிய லைன்களுக்குத் தூர ரிலே உண்டு. வோல்டேஜைக் கரண்டால் வகுத்து, பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கும். தாமதமின்றி இயங்கும் முதல் மண்டலத்தை 100 கிலோமீட்டர் லைனில் வழக்கமாக 80 கிலோமீட்டர் வரைதான் வைப்பார்கள், அளவீட்டுப் பிழையால் அடுத்த லைனின் பழுதைத் தன்னுடையது என்று எண்ணிவிடக் கூடாதே. மிச்சம் 20 கிலோமீட்டர், சற்றுத் தாமதித்து இயங்கும் இரண்டாம் மண்டலத்தின் பொறுப்பு.

ஜெனரேட்டருக்கு இன்னொரு கவலை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடத்தில் நீராவி நின்றும் பிரேக்கர் திறக்காவிட்டால், ஜெனரேட்டர் மின்சாரம் கொடுப்பதை விட்டு வாங்கத் தொடங்கும், மோட்டார்போல் சுழன்று டர்பைன் இலைகள் சூடேறும். அதைப் பிடிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலேவுக்கு வரம்பு மிகச் சிறியதாக இருக்கும். 'திருப்புத்திறன் உணர்த்தி' என்று எழுதலாம்.

இப்போது என் குறிப்பேட்டில் 'உணர்த்தி வரம்பு' என்றே எழுதுகிறேன். ட்ரிப், பிரேக்கர் இரண்டையும் தொடவில்லை. நள்ளிரவில் போனில் சொல்லும்போது எதிரில் இருப்பவர் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது.