வாடிய பால்சத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மார்ச் பிறந்ததும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வீடுகளில் நிழல் பால்சம் செடிகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கும். கேட்டால் எல்லோரும் வெயிலைத்தான் சொல்வார்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் கழன்று உள்நரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். அந்தச் செடி காய்ந்து போகவில்லை, தண்ணீரில் அழுகியிருக்கிறது.

நர்சரியில் இம்பேஷன்ஸ் என்றும் பால்சம் என்றும் விற்கிற இந்தச் செடி நம் காசித்தும்பைக்கு உறவு. முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் காசித்தும்பை வெயிலில் நின்று பூக்கும். தட்டையான ஐந்து இதழ்ப் பூ பூக்கும் நிழல் பால்சம் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈரமான காட்டு நிழலைச் சேர்ந்தது. பெரிய பூவும் தடித்த இலையும் உள்ள நியூ கினி வகை மட்டும் காலை இளவெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

இதன் தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான், இலையும் மெல்லியது. அனல் காற்றில் இலை விடுகிற நீருக்கு ஈடாக வேரால் உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் மதியம் 2 மணிக்கு இலை தொங்கிவிடும். பதறி ஒரு சொம்பு ஊற்றுவோம், மறுநாளும் ஊற்றுவோம். மண்ணில் காற்று போக இடமில்லாமல் வேர் மூச்சுத் திணறும், அழுகல் பூஞ்சை புகுந்துவிடும். போதாக்குறைக்கு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து அந்த நேரத்தில் வருகிற தண்ணீர் கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

ஆகவே இலை தொங்கினால் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம், தொட்டியை இன்னும் நிழலுக்கு நகர்த்துங்கள். பொழுது சாய்ந்ததும் இலை தானாக நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் நிமிராமல், தண்டின் அடி கண்ணாடிபோல் நீர் கோத்துப் பழுப்பாக இருந்தால் அது அழுகல். அடி இன்னும் கெட்டியாக இருந்தால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து வேரில் ஊற்றிப் பார்க்கலாம். கொழகொழத்துவிட்டால் மருந்து வீண். நல்ல நுனிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் காலை 7 மணிக்குள், இலையில் படாமல், அடித்துளை வழியே வடிகிற அளவுக்கு ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். பாலாற்றுப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகுவதும் தொட்டி விளிம்பில் வெள்ளை பூப்பதும் அந்த உப்பால்தான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைத் தயவுசெய்து இதற்கு ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

மண் கலவைக்கு, கழுவிப் பிழிந்த தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண், மண்புழு உரம், ஆற்றுமணல் தலா ஒரு பங்கு, 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பே வேரைச் சுட்டுவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போதும். யூரியா போட்டால் இலைதான் மண்டும், பூ வராது.

இடம் விஷயத்தில் ஒன்று. கிழக்குப் பார்த்த திண்ணையில், 9 மணியோடு வெயில் விலகுகிற இடம் உத்தமம். மொட்டைமாடியில் பச்சை வலை கட்டினாலும் கோடையில் பலனில்லை. தளம் குடித்த சூடு ராத்திரி முழுக்கத் தொட்டியைச் சுடும். எங்கே வைத்தாலும் சிமென்ட் தரையில் படாமல் ஸ்டாண்டு மேல் வையுங்கள். வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்தி வரும். இலை மேலே ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய வலை தெரியும். வேப்பெண்ணெய் 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் இலையின் அடியில் தெளியுங்கள்.

ஏலகிரி மலையில் இந்தச் செடி கோடையையும் தாண்டும். கீழே நமக்கு இது ஐப்பசி முதல் மாசி வரையான செடி என்று வைத்துக்கொள்வதே சரி. பூவைப் பார்த்து மார்ச்சில் வாங்குவது பணத்துக்குக் கேடு. பிப்ரவரி கடைசியில், பூ இல்லாத நுனிகளை நான்கு விரல் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி ஈர நார்த்தூளில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் வேர் விடும். நாலைந்து செடி மட்டும் வீட்டுக்குள் வடக்கு ஜன்னலோரம் கத்திரி வெயிலைக் கடக்கட்டும். அப்போது உரமும் வேண்டாம், வருகிற மொட்டையும் கிள்ளிவிடுங்கள். புரட்டாசி மழை இறங்கி ராத்திரி குளிர்ந்ததும் அவற்றிலிருந்தே மறுபடி நுனி வெட்டித் தொட்டிகளை நிரப்பலாம்.