டாக்டர் வண்டி, 28,400 கிலோமீட்டர்

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2014 மாடல், 800 சிசி சின்ன கார், டிஎன் 43 பதிவு. மீட்டரில் 28,400 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. 'டாக்டர் வண்டி சார், ஷெட்டிலேயே நின்றது' என்கிறார் புரோக்கர். மீட்டரைத் திருப்பியிருப்பார்களா?"

புரோக்கர்கள் வாயில் எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதான், அதை விட்டுவிடுவோம். 11 ஆண்டுக்கு 28,400 என்றால் ஒரு நாளைக்கு 7 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கடைவீதி வரை போய்வரும் மலைக்காருக்கு இது நடக்கக்கூடிய கணக்கே. ஆகவே நமக்கு முன்னால் இருப்பவை இரண்டு கேள்விகள். எண் பொய்யா? எண் மெய்யாகவே இருந்தாலும் வண்டி தேய்ந்ததா? மலையில் இரண்டாவது கேள்விக்கே எடை அதிகம்.

முதலில் அந்த எண் எங்கே எழுதப்படுகிறது என்று பார்ப்போம். பழைய மாடல்களில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டருக்குள் நுழையும், பல்சக்கரங்கள் எண் உருளைகளைத் திருப்பும். ஜப்பானியத் தர அளவில் கிலோமீட்டருக்கு 637 சுற்று. அதை ஏமாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். கழற்றி மாட்டிய உருளைகளில் எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கி நிற்பதும் உண்டு.

இப்போதைய கார்களில் கேபிளுக்குப் பதில் சென்சார். அது அனுப்பும் துடிப்புகளை மீட்டருக்குள் இருக்கும் சில்லு எண்ணுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் எண் அழியக்கூடாது என்பதற்காக அதை ஈஈப்ராம் என்ற நினைவகத்தில் எழுதி வைக்கிறது. எட்டுக் கால்களோடு அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கறுப்புத் துண்டு, அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு அறையும் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் குட்டித் தீவுகளின் கூட்டம். ஒவ்வொரு தீவையும் சுற்றி சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் கண்ணாடி போன்ற ஒரு காப்புப் படலம். எழுதும்போது உயர் மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை அந்தப் படலத்தின் வழியாகவே ஊடுருவ வைக்கிறார்கள். அழிக்கும்போது அதே வழியாக வெளியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில எலக்ட்ரான்கள் படலத்திலேயே சிக்கிக்கொள்ளும். லட்சம் முறையில் தொடங்கி, நல்ல சில்லாக இருந்தால் பத்து லட்சம் முறை வரை தாங்கும். பிறகு அந்த அறையை நம்ப முடியாது.

அப்படியானால் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒரே அறையில் எழுதிக்கொண்டிருந்தால், லட்சம் கிலோமீட்டரில் மீட்டருக்கே ஞாபக மறதி வந்துவிடுமே? பொறியாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று அவ்வளவு அழகு. எண்ணை 16 அறைகளுக்குப் பங்கு போட்டுவிடுகிறார்கள். 28,400-ஐ 16-ஆல் வகுத்தால் 1,775. ஒவ்வொரு அறையிலும் 1,775 இருக்கும், எல்லாவற்றையும் கூட்டினால் மீட்டர் எண். வண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் முதல் அறை மட்டும் 1,776 ஆகும். அடுத்த கிலோமீட்டருக்கு இரண்டாவது அறை. இப்படியே முறை சுற்றி வரும். ஆக, ஒரு அறை 16 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில்கூட ஓர் அறையில் எழுதியது வெறும் 10,000 முறை.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் பேட்டரி ஒயர் கழன்று ஓர் அறையில் குப்பை விழுந்துவிட்டது என்று வையுங்கள். எந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரவே முடியாது. மற்ற பதினைந்தும் பக்கத்தில் இருக்கின்றன. எந்த அறை கெட்டது, அதில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று சில்லே கண்டுபிடித்துத் திருத்திவிடும்.

இத்தனை சாமர்த்தியமும் விபத்துக்கு எதிரானது. திருட்டுக்கு எதிரானது அல்ல. 92,000 ஓடிய வண்டியின் 16 அறைகளிலும் இருக்கும் 5,750-ஐ அழித்துவிட்டு 1,775 என்று எழுதிவிட்டால் கணக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தும். அறைக்குத் தன் பழைய எண் ஞாபகம் இருக்காது. அதனால் மீட்டரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பயனில்லை.

பார்க்க வேண்டியது மற்ற இடங்களை. என்ஜினை ஆளும் ஈசியூ என்ற கணினி தனியாக ஒரு தூரக் கணக்கு வைத்திருக்கும்: கோளாறுக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம். 2013-க்குப் பிந்தைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற சோதனைச் சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், இந்தத் தகவலைத் தரும் கார்களில் எண் செல்போனில் தெரியும். மீட்டரில் 28,400, ஈசியூவில் 61,000 என்றால் பேச்சே தேவையில்லை, கிளம்பிவிடலாம். 65,535 என்று நின்றால் வண்டி அதையும் தாண்டி ஓடியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடத்தில் அதற்கு மேல் எண் கொள்ளாது. 40 கிலோமீட்டர் என்றால்? யாரோ போன வாரம் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். பேட்டரி பில்லைக் கேளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, ஓனர் மூலமாகவே பழைய சர்வீஸ் விவரம் வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். பெல்ஜியத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். வண்டி பட்டறைக்குள் போகும்போதெல்லாம் மீட்டர் எண் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது, விற்கும்போது அந்தச் சான்று கட்டாயம். நம் ஊரிலும் புகைச் சான்று எடுக்கும் போதெல்லாம் மீட்டர் எண்ணைப் பதிந்து, வாங்குபவர் கண்ணில் படும்படி வைத்தால் இந்தத் தொழிலின் பாதி படுத்துவிடும். அதுவரை நம் ஆட்கள் கூட்டு எண் பார்த்து நம்பர் பிளேட்டுக்குச் செலவழிப்பார்கள், முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். ஸ்கேனருக்கு ஆயிரம் ரூபாய் என்றால் மட்டும் யோசிப்பார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 28,400 மெய்யென்றே வைப்போம். எந்த மண்ணில் ஓடிய 28,400? இந்த ரகக் காரின் என்ஜின், ஐந்தாவது கியரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றும். இரண்டாவது கியரில் அதே தூரத்துக்கு 5,000. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டும் மூன்றுமாகவே ஓடிய கார், பைபாஸில் ஓடிய காரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுற்றியிருக்கும். ஆயில் கிலோமீட்டர் கணக்கில் மாற்றப்பட்டிருந்தால் அந்த ஆயிலும் இரண்டு மடங்கு உழைத்திருக்கும்.

பிரேக் கதை இன்னும் மோசம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் இறங்கும்போது விடுகிற ஆற்றல் 1.86 கோடி ஜூல், அதாவது ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். சாலையின் உராய்வும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜினும் பிரேக்கும் பங்கிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கியவர் கையில் இருந்த வண்டியென்றால், என்ஜினின் பங்கும் பிரேக் தலையில்தான் விழுந்திருக்கும்.

அதனால் முன்சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். சமதளத்தில், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுதான் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிப்பது பேட். டிஸ்கின் ஓரத்தில் பேட் படாத விளிம்பு ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியரை அப்படியே வைத்தால் வரப்பைத்தான் அளக்கும். இருபுறமும் ஒரு ரூபாய் நாணயத்தை வரப்புக்கு உள்ளே வைத்து, அதன்மேல் அளந்து, இரண்டு நாணயத்தின் தடிமனைக் கழியுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால் அந்த டிஸ்க் ஒருமுறையாவது கண்டபடி காய்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மலை மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற ரகப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் அடியோடு போகும். டப்பாவில் ஆயில் டீ நிறத்தில் இருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

கிளட்சுக்கு: ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரைச் சட்டென அழுத்துங்கள். இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

பிரேக்கும் கிளட்சும் தேய்ந்த காரைப் பார்த்ததும் 'மீட்டர் பொய்' என்று சொல்லிவிடக்கூடாது, மலைக்கார் மெய்யாகவே அப்படித்தான் தேயும். பொய்யைக் காட்டிக்கொடுப்பது முன்கண்ணாடி. வேகமாக ஓடும் காரில்தான் மணலும் பொடிக்கல்லும் மோதி நுண்குழி விழும். மாலை வெயிலுக்கு எதிரே நிறுத்தி உள்ளிருந்து பாருங்கள். கண்ணாடி முழுக்க ஊசிப் புள்ளிகளாக மினுங்கினால், பானட் முன்விளிம்பிலும் பெயின்ட் பொரிந்திருந்தால், அது நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. கண்ணாடியை மாற்றியிருக்கிறார்களா என்று மூலையில் இருக்கும் தயாரிப்புக் குறியைப் பக்கக் கண்ணாடிகளோடு ஒப்பிடுங்கள். நின்றே கிடந்த மலைக்காருக்கு வேறு அடையாளம்: ஜன்னல் ரப்பரில் பாசி, மிதியடிக்குக் கீழே பூஞ்சை வாடை, சீட் தண்டவாளத்தில் துரு.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3419 என்றால் 2019-இன் 34-ஆவது வாரம். 28,400-இல் முன் டயர் இரண்டும் ஒருமுறை மாறியிருந்தால் வளைவுகள் தின்றிருக்கும், பரவாயில்லை. நான்கும் மாறி, அவையும் பாதி தேய்ந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

கோத்தகிரி வாசகருக்கு: கண்ணாடி தெளிவாக இருந்து, டிஸ்க் மெலிந்து, பாசி பிடித்திருந்தால் புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கிளட்ச் செட், இரண்டு டிஸ்க், பேட், பிரேக் ஆயில் ஆகியவற்றின் விலையை உள்ளூர் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள். கண்ணாடி பொரிந்து டிஸ்க் மட்டும் புதிதாக மின்னினால், அந்த டாக்டர் தினமும் கோயம்புத்தூர் போய்வந்திருக்கிறார்.