கருவாட்டுச் சிப்பமும் கச்சா எண்ணெயும்

கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு நாடுகள் தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொள்கின்றன. கப்பல் எதுவும் நிற்கவில்லை, கிணறு எதுவும் வற்றவில்லை. அன்று மாலையே கச்சா எண்ணெய் விலை ஏறிவிடுகிறதே, எப்படி?"

வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது பள்ளிப் பாடம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இவர் கேட்பது, வரத்து குறையும் முன்பே ஏறும் விலையைப் பற்றி.

விடை இவர் ஊர்க் கருவாட்டுக் கடையிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. ஒரு பங்குனியில், துறைமுகத்துக்கு அருகே கருவாடு விற்கும் அம்மாளிடம் நெத்திலி விலை கேட்டேன். முன்பு வாங்கியதைவிடக் கூடுதலாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஆளுயரத்துக்குச் சிப்பங்கள். "இப்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் சித்திரையில் எதை விற்பது தம்பி?" என்றார். அன்றும் படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ஆனால் சித்திரையின் தட்டுப்பாடு அந்தச் சிப்பங்கள் வழியே பங்குனி விலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது!

சேமித்து வைக்க முடிகிற எந்தப் பொருளுக்கும் இப்படித்தான். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஈரான் கரையை ஒட்டிய ஹார்முஸ் நீரிணை வழியே போகிறது. அதன் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஈரானோடு ஒரு நாட்டின் உறவு கசந்தால், தொட்டியில் எண்ணெய் வைத்திருப்பவர் விற்கத் தயங்குகிறார். சுத்திகரிப்பு ஆலை முன்கூட்டியே வாங்குகிறது. அன்றைய விலை ஏற இந்த இரண்டும் போதும்.

அச்சம் விலகினால் இதுவே திரும்பி ஓடும். 1991 ஜனவரி 17, வளைகுடாப் போரின் முதல் நாள். அன்று விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது! சவூதியின் கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தது, மேலை நாடுகள் அவசரக் கையிருப்பைத் திறந்தன. மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தவர்கள் விற்க முந்தினார்கள். தொட்டியே நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. மார்ச்சில் சவூதியும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு உற்பத்தியைக் கூட்டின. கொரோனாவால் வாங்க ஆளில்லை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க முன்பேர விலை, அதாவது பின்னால் எடுத்துக்கொள்ளும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை, பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. சிப்பம் அடுக்க இடமில்லாதவர், காசு கொடுத்துக் கருவாட்டைத் தள்ளிவிட்ட நிலை.



நம் நாட்டுக்கும் சிப்பங்கள் உண்டு. விசாகப்பட்டினம், கர்நாடகத்தின் மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் நிலவறைகளை அமைத்திருக்கிறார்கள். நிரம்பினாலும் சுமார் ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது போதவே போதாது. ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன் நிலவறைக்கு 2021இல் ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பாறையைக் குடையும் பணிக்குப் பணத்தைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும்.