அல்யூஷன் என்றால் சாடை

அக்கா மகன் பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறான். போன வாரம் செல்போனில் லூடோ உருட்டிக்கொண்டே, "மாமா, அல்யூஷனும் இல்யூஷனும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். ஒண்ணு இல்லலே, ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேன். ரெண்டுக்கும் தாய் 'லூதெரே' என்ற லத்தீன் வினை, விளையாடுவது என்று பொருள். அவன் கையில் இருந்த லூடோவும் அந்த வீடுதான்; லத்தீனில் 'நான் விளையாடுகிறேன்'. அல்யூஷனின் மூலமான 'அல்லூதெரே'வுக்கு ஒன்றோடு விளையாடுவது, கேலியாகத் தொட்டுப் பேசுவது என்று பொருள். ஆங்கிலத்தில் அது, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதையையோ வரலாற்றையோ விளக்காமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போவது என்று ஆகிவிட்டது.

பையன் கேம் ஆஃப் த்ரோன்ஸ் டி.வி. தொடர் பைத்தியம். அதிலிருந்தே சொன்னேன். அதில் மோதிக்கொள்ளும் ஸ்டார்க், லானிஸ்டர் என்ற குடும்பப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் யார்க், லங்காஸ்டர் காதில் விழும். 1455 முதல் 1487 வரை இங்கிலாந்து அரியணைக்கு அடித்துக்கொண்ட வம்சங்கள், ரோஜாப் போர்கள் என்பார்கள். கதையில் வடக்கே நிற்கும் 700 அடிப் பனிச்சுவருக்குப் பின்னால் ரோமானியர் பிரிட்டனில் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் இருக்கிறது. சிவப்புத் திருமணம் (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்) என்ற விருந்துப் படுகொலை, 1440இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் நடந்த கறுப்பு விருந்தின் வார்ப்பு. பத்து வயது அரசன் இரண்டாம் ஜேம்ஸின் முன்னால் விருந்துக்கு உட்கார்ந்த டக்ளஸ் குடும்பத்து இளைஞனுக்கும் அவன் தம்பிக்கும் நடுவில், ஒரு கறுங்காளையின் தலையைக் கொண்டுவந்து வைத்தார்களாம். காளைத்தலை வழிவழியாக வரும் கதை, ஆனால் இரண்டு பேர் தலையும் போனது வரலாறு. அங்கிருந்துதான் எடுத்தேன் என்று மூலக் கதையை எழுதிய மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

நம்மிடம் இல்லாததா இது? யாராவது காட்டிக் கொடுத்தால் "எட்டப்பன் வேலை பாத்துட்டான்" என்கிறோம், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இத்தனைக்கும் எட்டப்பன் என்பது எட்டயபுரம் ஜமீன்தார்களின் பட்டப்பெயர்தான். கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. கும்பினியார் 1799இல் அவரைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். எட்டயபுரத்தார் கும்பினிப் பக்கம் நின்றவர்கள் என்பதால் பழி முழுக்க அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. அல்யூஷனுக்குக் கதை தெரிந்திருந்தால் போதும், கதை சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஐந்து புலனையும் அடக்கியவனின் ஆற்றலுக்கு "இந்திரனே சாலுங் கரி" என்கிறது 25ஆம் குறள். சாட்சிக்கு இந்திரன் போதும், அவ்வளவுதான். அகலிகை, கௌதமர், சாபம் எதையும் வள்ளுவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. பரிமேலழகர்தான் பிற்பாடு உரையில் சாபத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மேற்கோள் தப்பு, அது வார்த்தையை அப்படியே எடுத்து வைப்பது. உள்ளுறை உவமம் அகத்திணைக்கு, அதாவது காதல் பாட்டுக்கு உரியது, அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு போன்ற கருப்பொருளை வைத்துப் பேசுவது. மறைகுறிப்பு என்றால் மறைகுறியாக்கம் (என்க்ரிப்ஷன்) ஞாபகம் வந்து கடவுச்சொல் கேட்கும்போல இருக்கிறது. தொன்மக் குறிப்பு அகலிகைக்குச் சரி, எட்டப்பனுக்கும் யார்க்குக்கும் பொருந்தாது. எழுத்தில் உட்குறிப்பு என்பது பரவாயில்லை.

எனக்கென்னவோ எங்கள் ஊர்ச் சொல்தான் பொருத்தமாகத் தெரிகிறது. நேராகச் சொல்லாமல் ஆளுக்குப் புரிகிற மாதிரி தொட்டுப் பேசினால் "சாடையா பேசுதா" என்பார்கள். அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும், லத்தீன்காரன் சொன்ன அதே விளையாட்டு. பிள்ளையைப் பார்த்து "அப்பன் சாடை அப்படியே இருக்கு" என்பதும் அதே சொல்தான். ஸ்டார்க்குக்கு யார்க் சாடை இருக்கிறது, மார்ட்டின் யார்க்கைச் சாடையாகச் சொல்கிறார். ரெண்டு வேலையையும் ஒரு சொல் பார்த்துவிடுகிறது.

"மொழிபெயர்ப்புப் பரீட்சையில சாடைன்னு எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?" என்றான். உட்குறிப்புன்னே எழுதிருலே என்றேன்.