மன்னாவும் மாவுப்பூச்சியும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை பழகியவர்கள், ஒரு செடியில் எறும்பு வரிசை கட்டி ஏறினால் உடனே இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பார்கள். நடு நரம்பை ஒட்டிப் பச்சைச் செதில் பூச்சிகள் அசையாமல் அமர்ந்திருக்கும். எறும்புக்குச் செடியில் வேலையில்லை. அந்தப் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் அது ஏறுகிறது. எறும்பு தவறவிட்டது கீழ் இலைகளில் சொட்டிப் பிசுபிசுக்கும், பிறகு அதன்மேல் கரும்பூசணம் படரும். மலைக்குக் கீழே சேலத்து மாந்தோப்புகளிலும் இதே தொல்லைதான். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி மிகுந்துவிட்டால் மரத்தடியில் நிற்பவரின் சட்டையிலும் பிசுக்கு ஒட்டும்.

எகிப்திலிருந்து வெளியேறிய மோசேயின் மக்கள் வனாந்தரத்தில் உண்டதாகவும், கடவுள் வானிலிருந்து பொழிந்ததாகவும் வேதாகமம் சொல்லும் மன்னா என்ற உணவு, இந்தப் பிசுக்கின் நெருங்கிய உறவு. இது ஃபிரிட்ஸ் போடன்ஹைமர் என்ற பூச்சியியலாளரின் முடிவு. வீட்டில் உட்கார்ந்து ஊகித்ததன்று. 1927இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அவரும் ஓஸ்கர் தியோடரும் சீனாய் தீபகற்பத்துக்கே போய், டாமரிஸ்க் என்ற பாலைநிலக் குறுமரங்களின் கிளைகளில் மாவுப்பூச்சிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றிலிருந்து துளி விழுவதையும், அது உறைவதையும் கண்ணால் பார்த்தார்கள்.

பூச்சி ஏன் சர்க்கரையைக் கழிக்க வேண்டும்? இலையில் உண்டாகும் சர்க்கரை, பட்டையின் உட்புறத்திலுள்ள மெல்லிய குழாய்களில் அழுத்தத்தோடு ஓடுகிறது. பூச்சி தன் ஊசிவாயை அதில் செருகினால் போதும், சாறு தானே ஏறும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளர்க்கத் தேவையான நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. தேவையான நைட்ரஜன் சேரும்வரை குடித்தால் சர்க்கரை அளவுக்கு மேல் போய்விடும். மிஞ்சியதை வெளியே தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்காட்டின் ஈரக்காற்றில் அது பிசுக்காகவே கிடந்து பூசணம் பிடிக்கிறது. சீனாயின் வறண்ட காற்றில் நீர் ஆவியாகி, வெளிறிய சிறு மணிகளாக இறுகிவிடுகிறது.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தமல்லி விதையளவு, வெண்மை, தேனிட்ட பணியாரத்தின் ருசி, காலையிலேயே பொறுக்கிவிட வேண்டும் என்ற கட்டாயம். எல்லாம் ஒத்துப்போகின்றன. வெயில் ஏறியதும் உருகிப்போயிற்று என்ற வரிக்கு மட்டும் போடன்ஹைமர் எறும்பைக் கைகாட்டினார்: மண் சூடேறும்வரை எறும்புகள் வெளியே வருவதில்லை, வந்தபின் மிச்சம் வைப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் கணக்கு இடிக்கிறது. அதே ஆகமம் ஆறு லட்சம் ஆண்கள் என்கிறது. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் இருபது லட்சம் பேராவது வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓமர், அதாவது சுமார் இரண்டு லிட்டர். அன்றாடம் நாற்பது லட்சம் லிட்டர், நாற்பது ஆண்டு! கோடையில் சில வாரம் மட்டும் கிடைக்கும் ஒரு பூச்சிக் கழிவு, புரதமே இல்லாத வெறும் இனிப்பு, இந்தப் படியை அளக்க முடியாது. ஆறாம் நாள் இரட்டிப்பாகவும் ஏழாம் நாள் இல்லாமலும் கிடைத்தது என்பதையும் இதனால் விளக்க முடியாது. பூச்சிக்குச் சனி, ஞாயிறு தெரியாது. பொருளைப் பற்றிய வருணனை பாலைவாசிகளின் நேரடி அறிவிலிருந்து வந்திருக்க வேண்டும், அளவும் ஓய்வுநாள் ஒழுங்கும் கதை வளர்ந்தபோது சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேதாகம அற்புதங்களுக்குச் சொல்லப்பட்ட இயற்கை விளக்கங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் படித்ததில்லை. அதுவே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மன்னாவோடு வந்த காடைக்கும் இதே நிலைதான். வலசைப் பருவத்தில் மத்தியதரைக் கடலைக் கடந்து களைத்து விழும் காடைகளைக் கையால் பிடிக்கலாம். எண்ணாகமம் 11இல் காடை தின்றவர்கள் வாதையால் செத்ததாக வருகிறது. வலசை போகும் காடையின் இறைச்சி சில சமயங்களில் மனிதருக்கு விஷமாவதும், தசைநார்கள் சிதைந்து சிறுநீரகம் பழுதாவதும் மருத்துவத்தில் பதிவான உண்மைகள்.

சேலத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு தரப்பும் உடனே கிடைக்கும். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944ஆம் ஆண்டு மாநாடு நடந்த ஊர் இது. லண்டன் மிஷன் 1827இலேயே கால் பதித்த ஊரும் இதுதான். எல்லாம் புளுகு என்று ஒருவர் முடித்துவிடுவார், எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தது என்று இன்னொருவர். எனக்கு ஆர்வம் மூன்றாம் தரப்பின்மீது: நடந்தது உண்மை, ஆனால் இயற்கையாக நடந்தது என்பவர்கள். கேட்பதற்கு அறிவியல்போல் இருப்பதால் இவர்களை யாரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை. உண்மையில் மற்ற இருவரையும்விட இவர்களுக்குத்தான் சுமை கூடுதல். நிகழ்ச்சி நடந்தது என்பதையும் நிறுவ வேண்டும், சொன்ன காரணம் அந்த அளவில் வேலை செய்யும் என்பதையும் காட்ட வேண்டும்.

எகிப்திலிருந்து தப்பியவர்களுக்குக் கடல் பிளந்து வழிவிட்ட செங்கடல் கதையை எடுத்துக்கொள்வோம். கர்த்தர் இராமுழுவதும் பலத்த கீழ்காற்றினால் சமுத்திரத்தை ஒதுங்கச் செய்தார் என்று யாத்திராகமம் 14இல் இருக்கிறது. காரணத்தை வேதமே சொல்லிவிடுகிறது என்று 1670இலேயே தத்துவஞானி ஸ்பினோசா சுட்டிக்காட்டினார். காற்று கடலை ஒதுக்குமா? டபராவில் காப்பியை ஊதும்போது அது எதிர்ப்பக்கம் ஒதுங்குவதைப் பார்க்கிறோம். நீர்ப்பரப்பில் ஓடும் காற்று அதை உராய்ந்து இழுக்கிறது. காற்று வரும் பக்கம் நீர் தாழ்ந்து, போகும் பக்கம் உயர்கிறது. உராய்வின் இழுப்பை நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம் ஆகிய மூன்றின் பெருக்குத் தொகையால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். ஆழம் வகுக்கும் இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பை ஏறத்தாழ 2 நியூட்டன் விசையோடு இழுக்கும். ஆழம் 2 மீட்டர் என்றால் சாய்வு கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழமற்ற காயலில் இரு முனைகளுக்கும் 2 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்; காற்று வரும் பக்கத்தில் தரை தெரியும். அதே புயல் ஏற்காடு ஏரியில் அடித்தால்? 5 மீட்டர் ஆழம், அரைக் கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் 2 சென்டிமீட்டர்தான். அந்தக் காற்றில் யாரும் படகு விட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். மேட்டூர் அணை நிறைந்திருக்கும்போது சராசரி ஆழம் 20 மீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர். மேட்டூரின் ஸ்டான்லி நீர்த்தேக்கமே இப்படியென்றால், சில இடங்களில் 2000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள செங்கடலைக் காற்று பிளப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால்தான் 2010இல் இதைக் கணினியில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ல் ட்ரூஸும் வெய்சிங் ஹானும், நைல் கழிமுகத்தின் கிழக்கு ஓரத்துக்கு இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அங்கே பண்டைக் காலத்தில் 2 மீட்டர் ஆழமுள்ள ஒரு காயலும் ஓர் ஆற்றுக் கிளையும் வளைந்து கூடின என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட நிலவமைப்பு. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று 12 மணி நேரம் அடித்தால், நீர் இருபுறமும் நிற்க, நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சேற்றுத் தரை நான்கு மணி நேரம் திறந்திருக்கும் என்று அவர்களது மாதிரி காட்டியது. காற்று நின்றதும் நீர் விரைந்து திரும்பும். அதே பகுதியிலுள்ள மென்சாலே ஏரியில் 1882இல் பிரிட்டிஷ் அதிகாரி டல்லோக், இரவெல்லாம் அடித்த கீழ்காற்றில் நீர் கண்ணுக்கெட்டாத தூரம் விலகிப்போனதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இயற்பியலில் குறையில்லை. ஆனால் கணக்கு பலிக்கும் இடமாகப் பார்த்துக் கடவை அங்கே கொண்டுபோகப்பட்டது. அந்தப் புயலில் கைக்குழந்தையோடும் கால்நடையோடும் நள்ளிரவில் சேற்றில் எதிர்க்காற்றில் நடந்தவர்களை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. இப்படி ஒன்று நடக்க முடியும் என்பதோடு அந்த ஆய்வு நிற்கிறது. நடந்ததா என்பது வரலாற்றுக் கேள்வி, அதற்குக் காற்றின் கணக்கு சாட்சி சொல்லாது.

மோசேக்குப் பின் யோசுவாவின் தலைமையில் மக்கள் கடப்பதற்காக யோர்தான் நதி நின்றதற்கான விளக்கம் இதைவிட எளிது. கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து ஏற்காடு சாலை அடைபடும் மழைக்காலங்களைப் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யோர்தானின் கரைகள் மென்மையான சுண்ணக்களி. வெள்ளம் அடியை அரிக்கும்போது மேடு சரிந்து ஆற்றை மறிக்கும். 1267இல் தாமியா அருகே அப்படி ஆறு சில மணி நேரம் நின்றதை அரபு வரலாற்றாசிரியர் அன்-நுவைரி பதிவு செய்திருக்கிறார். யோசுவா 3ஆம் அதிகாரம் தண்ணீர் குவிந்து நின்றதாகச் சொல்லும் ஆதாம் என்ற ஊரும் அந்தப் பகுதிதான். 1927ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போதும் நின்றது என்பார்கள். அதைப் பிந்தைய ஆய்வாளர்கள் நம்பவில்லை.

யோசுவாவின் அடுத்த அத்தியாயங்களில், எக்காளம் ஊத எரிகோ நகரின் மதில் விழுகிறது. நிலநடுக்கம், எக்காள ஒலியின் அதிர்வு என்று விளக்கங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று கருதப்படும் எந்த நூற்றாண்டிலும் விழுவதற்கு அங்கே மதிலே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். நகரம் கி.மு. 1550 அளவிலேயே அழிந்துவிட்டது. முன்பு யோசுவாவின் மதில் என்று காட்டப்பட்டது, அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது. இல்லாத மதில் எப்படி விழுந்தது என்று இயற்பியலைக் கேட்டுப் பயனில்லை.

மோசமான விளக்கங்களுக்கும் குறைவில்லை. கலிலேயா கடல் எனப்படும் ஏரியின் மேல் இயேசு நடந்ததை 1828இல் ஜெர்மானிய இறையியலாளர் ஹைன்ரிக் பவுலுஸ் இப்படித் தீர்த்துவைத்தார்: இயேசு கரையில் நடந்தார், மூடுபனியில் சீடர்கள் அதைத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டார்கள். டிசம்பர் காலையில் ஏற்காடு ஏரிக்கரையில் நின்றால் இது முதலில் நம்பும்படியாகத்தான் இருக்கும். எதிரே நடப்பவர் நிலத்தில் போகிறாரா நீரில் போகிறாரா என்றே தெரியாது. ஆனால் சுவிசேஷத்தில் மூடுபனி எங்கே இருக்கிறது? படகு நடுக்கடலில் எதிர்க்காற்றோடு போராடுகிறது. பலத்த காற்றில் மூடுபனி நிற்காது. ஏழே ஆண்டுகளில் இன்னொரு ஜெர்மானிய இறையியலாளர் தாவீத் ஸ்ட்ராஸ் இந்த வகை விளக்கங்களைக் கிழித்துப் போட்டார்.

2006இல் கடலியலாளர் டோரன் நோஃப் குழுவினர் அதே நடைக்குப் பனிக்கட்டியை விளக்கமாகக் கொண்டுவந்தார்கள். அதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. குளிரும் மேல்நீர் கனத்து இறங்கிக்கொண்டே இருப்பதால் ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை மேற்பரப்பு உறையாது. கலிலேயாவின் மேற்குக் கரையில் உப்பு ஊற்றுகள் உண்டு. உப்பு நீர் அடியில் தங்கி மேல்நீரை இறங்கவிடாமல் தடுத்தால், மெல்லிய மேலடுக்கு மட்டும் விரைவில் குளிர்ந்து, ஆளைத் தாங்கும் பனித்திட்டாக உறையக்கூடும். சரி. அது கரையோரத்தில், உறைகுளிர் நீடிக்கும் நாட்களில். கதையோ அலையடிக்கும் நடுக்கடலில். பிறந்தது முதல் அந்த ஏரியில் வலை வீசியவர்களுக்குப் பனித்திட்டு எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை என்றும் நம்ப வேண்டும். இதற்கு அற்புதத்தையே நம்பிவிடலாம்.

சிலுவையேற்றத்தின்போது மூன்று மணி நேரம் கவிந்த இருளைச் சூரிய கிரகணம் என்பவர்களுக்கு வானியலாளர் தேவையில்லை, பஞ்சாங்கம் போதும். சிலுவையேற்றம் நடந்தது பஸ்கா என்ற யூதப் பண்டிகையின்போது; பஸ்கா பௌர்ணமியில் வருவது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். முழு மறைப்பு ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கவும் செய்யாது. மூன்றாம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் ஜூலியஸ் ஆப்ரிக்கானஸ் பௌர்ணமியைக் காட்டிக் கிரகண விளக்கத்தை மறுத்தார். அவர் கிறிஸ்தவர், பகுத்தறிவுப் பணியை அன்று பார்த்தவர் அவர்தான்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மாற்கு சுவிசேஷம் 8இல், பெத்சாயிதா என்ற ஊரில் ஒரு குருடனின் கண்களை இயேசு தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். மறுபடியும் தொட்ட பிறகுதான் தெளிவாகிறது. பல ஆண்டு இருளுக்குப் பின் பார்வை பெற்றவர்களை ஆராய்ந்தவர்கள் இந்த வரியில் நின்றுவிடுவார்கள். கண் சீரானாலும் மூளை உடனே உருவங்களைப் பிரித்தறிவதில்லை. பிறவிக் கண்புரை நீக்கப்பட்ட இந்தியக் குழந்தைகளைப் பவன் சின்கா குழுவினர் ஆராய்ந்தபோது, அசையாத படத்தில் பொருள்களைப் பிரிக்கத் திணறியவர்கள், அவை அசைந்தால் பிரித்துவிட்டார்கள். மூன்று வயதில் பார்வை இழந்து 46 வயதில் திரும்பப் பெற்ற அமெரிக்கர் மைக் மே, அசைவை நன்றாகவே உணர்ந்தார், முகங்கள் பிடிபடவில்லை. பெத்சாயிதாக்காரனும் உருவத்தால் மரம் என்கிறான், நடையால் மனிதன் என்கிறான்.

குணமானதற்கு இது விளக்கமாகாது. இந்த அனுபவத்தைக் கதை சொன்னவர் எங்கிருந்து பெற்றார் என்பதற்கு மட்டும் ஒரு வழி காட்டலாம். புரை விழுந்த கண்வில்லையை ஊசியால் தள்ளிவிடும் சிகிச்சை நம் பண்டை மருத்துவர் சுசுருதருக்குத் தெரியும். உரோமில் முதல் நூற்றாண்டிலேயே மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் அதை விவரித்திருக்கிறார். வில்லை விலகிய கண்ணுக்கு ஒளி தெரியும், அசைவு தெரியும், விளிம்பு தெரியாது. அப்படி அரைப் பார்வை பெற்றவர்கள் அக்காலத்தில் நடமாடியிருக்கிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் நூலை எடுத்தாண்டவர்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதல் முயற்சியில் முழுமையடையாத இந்த ஓர் அற்புதத்தை இருவருமே விட்டுவிட்டார்கள்.