ஆரி: செருப்புத் தைத்த ஊசியின் பெயர்

கல்யாண வீட்டில் யாராவது பூவேலை போட்ட ஜாக்கெட்டின் முதுகைக் காட்டி நின்றால் போதும், “ஆரி ஒர்க்கா? எவ்வளவு ஆச்சு?” என்று பின்னாலிருந்து கேள்வி வந்துவிடும். கல் வைத்தாலும் ஆரி, மணி கோத்தாலும் ஆரி, மெஷினில் அடித்து மேலே சமிக்கி ஒட்டின ஜாக்கெட்டும் ஆரிதான். ‘ஹாரி ஒர்க்’ என்று பலகை வைத்த கடையைக்கூடப் பார்த்திருக்கிறேன், ஹரி என்பவருடைய கடையாக்கும் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஆரி என்பது வேலையின் பெயரே இல்லை, ஊசியின் பெயர். இந்தியிலும் குஜராத்தியிலும் ஆர், ஆரி என்றால் தோலைத் துளைக்கிற ஊசி, அதாவது செருப்புத் தைக்கிறவர் கையில் இருப்பது. (இந்தியில் ஆரிக்கு ரம்பம் என்றும் பொருள் உண்டு, அதை ஜாக்கெட்டோடு சேர்த்து யோசிக்க வேண்டாம்.) சமஸ்கிருதத்தில் இது ஆரா. ரிக் வேதத்தின் 6-ஆம் மண்டலத்தில் பூஷன் என்ற தேவன் கையில் ஓர் ஆரா இருக்கிறது, கஞ்சர்களின் நெஞ்சைக் குத்தித் துளைக்கச் சொல்லி அவனை வேண்டுகிறார்கள். சொல் அவ்வளவு பழசு.

தோலைத் துளைத்த ஊசி பட்டுக்கு வந்தது குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில். அங்கே மோச்சி எனப்படும் தோல் தொழிலாளர்கள் செருப்பு, குதிரைச் சேணம் எல்லாம் தைத்த கையோடு அவற்றின் மேல் நூலால் பூவும் போட்டார்கள், அப்புறம் ஊசியை மெலிதாக்கிக்கொண்டு துணிக்கு மாறி, பூஜ் அரண்மனைக்குப் பாவாடையும் திரைச்சீலையும் செய்து தரும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வேலைக்கு இன்றும் மோச்சி பரத் என்றுதான் பெயர். குஜராத்தியில் பரத் என்றால் நிரப்புவது, கோட்டுக்குள் நூலை நிரப்புவதால் அந்தப் பெயர். பரதநாட்டியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் பூத்தையல் துணிகளைக் கிழக்கிந்திய கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது.

சரி, அந்த ஊசியில் அப்படி என்ன விசேஷம்? காது கிடையாது, நுனியில் சின்னக் கொக்கி. துணியைச் சட்டத்தில் பறை மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டு, இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும், வலது கை மேலிருந்து ஊசியை இறக்கி நூலைக் கொக்கியில் மாட்டி, ஒரு திருப்புத் திருப்பி, வளையமாக மேலே இழுக்கும். அடுத்த குத்து அந்த வளையத்துக்குள்ளேயே இறங்கும். வளையத்துக்குள் வளையம் என்று இப்படி ஓடுவதுதான் சங்கிலித் தையல். மணி வைக்க வேண்டுமென்றால் ஊசி நுனியிலேயே மணியைக் கோத்து, நூலின் மேல் தள்ளிவிட்டுக் குத்துவார்கள். பழகின கை இதைச் செய்யும் வேகத்தைப் பார்த்தால் கண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடும்.

சங்கிலிக்கு ஒரு குணம் உண்டு, அதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தங்கை நிச்சயதார்த்தத்துக்கு முதுகில் கிளி போட்டு ஒரு ஜாக்கெட் தைத்து வாங்கினேன். இரண்டாவது தடவை போடும்போது வால் பக்கம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலுக்கு எழுந்து போகச் சோம்பல்பட்டு, லேசாக இழுத்தேன். சரசரவென்று மொத்த வாலும் உருவிக்கொண்டு வந்து, கையில் பச்சை நூலும் முதுகில் மொட்டைக் கிளியும்தான் மிச்சம். கடைசி வளையத்தில் முடிச்சுப் போடாமல் விட்டிருந்தால் இதுதான் கதி, முடித்த முனையிலிருந்து இழுத்தால் ஆரம்பித்த இடம் வரைக்கும் அவிழும். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி, முனைகளில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் வேலையா கைவேலையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், மெஷின் என்றால் பெரும்பாலும் பாபின் நூலும் (மெஷினில் அடியிலிருந்து வரும் நூல்) பின்னால் வைத்த தாளின் மிச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, ‘ஆரி’ என்று நாம் காசு கொடுக்கும் ஜாக்கெட்டில் பாதி வேலை ஆரியே இல்லை. சர்தோசி எனப்படும் ஜரிகைக் கம்பிச் சுருளை வெட்டிக் கோத்துத் தைப்பதும், நூலை ஊசியில் சுற்றி முடிச்சாக்கும் பிரெஞ்சு நாட் போடுவதும் பெரும்பாலும் சாதா ஊசியில்தான். சர்தோசி என்பதே பாரசீகத்தில் ‘பொன் தையல்’, சர் என்றால் பொன், தோசி என்றால் தைப்பது. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், பெயர்தான் தன் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது.

இதே கொக்கித் தையல் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவலாகப் பிடித்துக்கொண்டபோது அவர்கள் வைத்த பெயர் தம்பூர், அதாவது பறை. துணியை இழுத்துக் கட்டும் வட்டச் சட்டம் அப்படி இருந்ததாம். அந்தத் தம்பூர்த் தையலைப் பார்த்துத்தான் பார்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையல்காரர் கொக்கி ஊசி வைத்த ஒரு தையல் இயந்திரம் செய்து 1830-இல் காப்புரிமை வாங்கினார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பாரீஸ் தையல்காரர்கள் அவருடைய பட்டறையில் புகுந்து இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். தெலுங்கில் ஆரி வேலைக்கு மக்கம் ஒர்க் என்று பெயர், மக்கம் என்றால் தறி. ஆக, ஒருத்தர் ஊசியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார், மற்ற இரண்டு பேரும் சட்டத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வந்த பெயரை நாம் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

தமிழில் என்ன சொல்வது? எம்பிராய்டரிக்குப் பூத்தையல், சித்திரத் தையல் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன, ஆனால் ஆரிக்கு அவை ரொம்பப் பெரிய குடை. நீலகிரியில் தோடர் பெண்கள் சட்டமோ அச்சோ இல்லாமல் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடுகிறார்களே, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கினதே, அதுவும் பூத்தையல்தான். கொக்கித் தையல் என்று சொல்லிப் பார்த்தால் குரோஷா குறுக்கே நிற்கிறது, அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கே குட்டிக் கொக்கி என்றுதான் பொருள்.

குரோஷா துணியைக் குத்துவதில்லை, ஆரி குத்தும். அதனால் என் ஓட்டு குத்தூசிக்கு. செருப்புத் தைக்கிறவரின் ஊசிக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற பெயரே அதுதான். ‘அரிசி மூட்டையில் குத்திப் பார்ப்பார்களே, அதுவா?’ என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லும்போது “துன்ன காரரும் தோலின் துன்னரும்” என்று ஒரே அடியில் துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் ஒருத்தர் கட்டிலுக்கு வார் பின்னுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது, அவர் கை ஊசி பறக்கிறது. “போழ்தூண்டு ஊசி” என்கிறது பாட்டு, தோல் வாரைச் செலுத்துகிற ஊசி. துன்னூசி என்று பழைய சொல்லையே எடுக்கலாம்தான், கடையில் போய்ச் சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது.

ஆக, கருவி குத்தூசி, போடுவது சங்கிலித் தையல், மொத்த வேலை குத்தூசிப் பூத்தையல். ஆரி என்றே சொன்னாலும் எனக்குச் சண்டை இல்லை, எது ஆரி என்று தெரிந்து சொன்னால் சரி.

மொட்டைக் கிளியைப் பக்கத்துத் தெருவில் வீட்டிலிருந்தே தைக்கிற அக்காவிடம் கொண்டுபோனேன். “குத்தூசியா? எங்க தாத்தா செருப்புத் தைக்க வெச்சிருந்தார், அதையா சொல்ற?” என்றார். ஆமாக்கா, அதேதான் என்றேன். புது வால் பழையதைவிட ஒரு விரற்கடை நீளம், முனையில் மூன்று முடிச்சு.